கிளிப்பு கழற்றியதும் பல்லில் வெள்ளைத் திட்டு!
பல் வரிசைக்கு வந்தும் அழகு போச்சு. தப்பிக்க வழி என்ன?

சென்னை:

இரண்டு வருஷம் பல்லில் கிளிப்பு. மாதா மாதம் டாக்டரிடம் நடை. அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார்.

கழற்றும் நாள் வந்தது. பெண் ஆசையோடு கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பல் வரிசை முத்து போல இருந்தது. ஆனால் முகம் வாடி விட்டது!

ஒவ்வொரு பல்லின் நடுவிலும் ஒரு சிறு சதுரம் மட்டும் பளிச். அதைச் சுற்றி சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு.

"ஏண்டி, பல்லே விளக்கலையா?" என்று அம்மா கேட்டார்.

"தினமும் விளக்கினேன்மா!" என்றாள் பெண், அழாத குறையாக.

பல் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காணும் காட்சி இது. பெண் சொன்னது பொய் இல்லை. கிளிப்பு போடும் முன் எப்படி விளக்கினாளோ, அப்படியேதான் விளக்கினாள். கோளாறு அங்கேதான்!

கம்பி மேல் குற்றம் இல்லை

"கம்பி போட்டால் பல் கறை படியும்" என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. கறை செய்வது கம்பி அல்ல. கம்பியைச் சுற்றி தங்கும் அழுக்கு.

வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்தை அரித்து எடுக்கிறது. அரித்த இடம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. சொத்தைப் பல்லுக்கு அதுவே முதல் படி!

பல்லில் ஒட்டிய உலோகத் துண்டுக்கு அடியில் அமிலம் போகாது. அதனால்தான் அந்தச் சதுரம் மட்டும் தப்பிக்கிறது.

இந்தத் திட்டு வர வருஷக்கணக்கு வேண்டாம். சரியாக விளக்காவிட்டால் 4 வாரத்திலேயே வந்து விடும்!

டீக் கறை வேறு

டீ, காபி, வெற்றிலைக் கறை பல்லின் மேலே படிவது. டாக்டர் சுத்தம் செய்தால் போய் விடும். மஞ்சள் போட்ட குழம்பு பட்டால் கம்பியில் மாட்டும் வெள்ளை ரப்பர் மஞ்சளாகும். அடுத்த முறை ரப்பரை மாற்றினால் சரியாகி விடும். வெள்ளைத் திட்டு அப்படி இல்லை. தேய்த்தால் போகாது.

டீயில் கவனிக்க வேண்டியது சர்க்கரையை! ஒரு வாய் இனிப்பு போனால் அரை மணி நேரம் போல அமிலம் வேலை செய்யும். ஆபீசில் நாலு டீ என்றால் நாலு தடவை அரிப்பு. டீ குடித்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள்.

அல்வா, மிட்டாய் ஒட்டிக் கொள்ளும். கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய் கடித்தால் கிளிப்பே பெயர்ந்து விடும்!

விளக்குவது எப்படி?

பிரஷ்ஷை சாய்த்துப் பிடித்து, முதலில் கம்பிக்கு மேலே, பிறகு கம்பிக்குக் கீழே, கடைசியில் கம்பியின் மேலேயே தேய்க்க வேண்டும். ஈறு ஓரத்தை விடக் கூடாது. காலையிலும் இரவு படுக்கும் முன்னும் விளக்குவது கட்டாயம்.

கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷ் போல குட்டி பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது. புளோரைடு உள்ள பேஸ்ட்டை வாங்குங்கள். விளக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு கொப்பளித்தால் புளோரைடும் போய் விடும்.

ஈறில் ரத்தம் வந்தால் பயந்து நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அழுக்கு தங்கியதால் வருவதுதான். மெதுவாக விளக்குங்கள். ரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கரி வேண்டாம்!

கரித்தூள், உப்பு, எலுமிச்சை போட்டுத் தேய்ப்பது ஆபத்து. எனாமல் இன்னும் தேயும். குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்பளிக்கும் மருந்தை நாள் கணக்கில் விட்டால் பழுப்புக் கறை படியும். டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரை மட்டும்.

திட்டு வந்து விட்டதா? ஒளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். லேசானது, கிளிப்பு கழற்றிய பின் ஒழுங்காக விளக்கினால் சில மாதத்தில் ஓரளவு மங்கும். ஆழமானதற்கு தனி சிகிச்சை. அதற்கு தனிச் செலவு!

கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் கிளிப்பு சிகிச்சைக்கு தனிப் பிரிவு இருக்கிறது.

இன்று இரவு விளக்கி முடித்ததும், கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கம்பி ஓரத்தில் மாவு போல ஏதாவது ஒட்டி இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் இன்னும் விளக்கி முடிக்கவில்லை!