குடிநோயும் குடும்பத்தின் துணையும்



வீட்டில் ஒருவருக்குக் காமாலை கண்டால், குடும்பம் முழுவதும் அவருக்காகத் தன் நடைமுறையை மாற்றிக்கொள்கிறது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுவதில்லை. உற்றார் வந்து நலம் உசாவுகின்றனர். மருத்துவர் கூறிய பத்தியத்தை நோயாளி மீறாதபடி அனைவரும் கவனித்துக்கொள்கின்றனர். அதே வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டால் நிகழ்வது வேறு. அக்கம்பக்கத்தார் அறியாதவாறு செய்தி மறைக்கப்படுகிறது. வீட்டினுள்ளே வசைமொழியும் கண்ணீரும் மாறி மாறி எழுகின்றன. முன்னதை நோய் என்று கொள்ளும் நாம், பின்னதை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே கொள்கிறோம். இந்த எண்ணத்தால் விளையும் தீங்குகள் யாவை, குடும்பத்தார் செய்யத்தக்கன யாவை என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். 1937ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறநூலும் சட்டமும் குடியாதவரைக் காக்க வல்லன. குடியில் ஆழ்ந்துவிட்டவரை மீட்பதற்கோ மருத்துவமும் வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே இதனை நோய் என்று ஏற்றுக்கொண்டது.

அஃது எவ்வாறு நோயாகிறது? மது மூளையின் கிளர்ச்சியை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கப்படும் மூளை, அதற்கு ஈடுகொடுக்கத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொள்கிறது. பல்லாண்டு குடித்தவர் ஒருநாள் திடீரென நிறுத்தினால், அடக்கும் மது அகன்றுவிடுகிறது. உயர்ந்த கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. சில மணி நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கம் கெடுகிறது. சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். வேறு சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சன்னி கண்டு, இல்லாத உருவங்கள் தோன்றும். கவனியாது விட்டால் உயிருக்கே இடையூறு நேரலாம். ஆதலால், குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துத் திருத்த முயல்வது பெரும் பிழையாகும். கோயிலில் கயிறு கட்டி நோன்பேற்பது மனத்துக்கு உறுதி தரலாம். ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்குபவர், கயிறு கட்டுவதற்கு முன் மருத்துவரைக் காண்பதே முறை. மருத்துவர் மூளையை அமைதிப்படுத்தும் மருந்தை முதலில் கொடுத்து, அதனைப் படிப்படியாகக் குறைப்பார். குடியினால் உடல் இழந்த பி-1 உயிர்ச்சத்தையும் ஈடுசெய்வார்.

இங்கே மற்றொரு எச்சரிக்கையும் கூறவேண்டும். குடிப்பவர் அறியாமல் உணவில் மருந்து கலந்து கொடுத்தால் போதும் என்னும் விளம்பரங்களைக் கண்டு மயங்குவோர் பலர். மதுவுடன் சேர்ந்தால் உடலை வருத்தும் டைசல்ஃபிரம் என்னும் மருந்தின் தன்மை 1948ஆம் ஆண்டு டென்மார்க்கில் வெளியிடப்பட்டது. அதனை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் வீழும், மரணமும் நேரக்கூடும். தாம் உண்டது இன்னதென்று அறியாதவர் குடிக்கத்தானே செய்வார்? நோயாளி உடன்பட்டு, மருத்துவர் விதித்தபடி, நாள்தோறும் மனைவியோ தாயோ காண உட்கொண்டால், அதே மருந்து நற்றுணையாகிறது.

இனி, சிகிச்சைக்கு வரவே மறுப்பவரை என் செய்வது? பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு வழிகளையே அறிந்துள்ளன. ஒன்று, இரவெல்லாம் ஏசுவது. மற்றொன்று, பகலெல்லாம் மறைப்பது. கடைக்காரரிடம் பட்ட கடனை மாமனார் அடைக்கிறார். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று மனைவி சொல்லி அனுப்புகிறார். அன்பினால் செய்யும் இச்செயல்களால், குடியின் விளைவு குடித்தவரைச் சென்று அடைவதே இல்லை.

இவ்விரண்டினும் சிறந்த வழி உண்டு. போதையில் இருக்கும்போது வாதிடாமல் அமைதியாக விலகிவிடுக. தெளிவுடன் இருக்கும் நாளில் அருகமர்ந்து உண்டு, உரையாடி, அந்நாளை அவருக்கு இனியதாக்குக. அவரால் நேர்ந்த கடனையும் பழியையும் அவரே எதிர்கொள்ள விடுக. மனம் வருந்தும் வேளை பார்த்து, "நாளை நாம் இருவரும் மருத்துவமனைக்குச் சென்று வருவோம்" என்று கூறுக. எந்த மருத்துவமனை, எந்த நேரம் என்பதை முன்னரே உசாவி வைத்துக்கொள்க.

இது வெறும் நல்லுரை அன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்து, 1999ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில், சிகிச்சையை மறுத்த குடிநோயாளரின் உறவினர் 130 பேர் மூன்று பிரிவினராகப் பயிற்சி பெற்றனர். நோயாளியைத் திருத்த முயலாது தம் மனத்தைக் காத்துக்கொள்ளப் பயின்ற பிரிவில் நூற்றுக்கு 13 பேரும், குடும்பமாகக் கூடி எதிர்நின்று வற்புறுத்தப் பயின்ற பிரிவில் நூற்றுக்கு 30 பேரும், மேற்கூறியது போன்ற வழியைப் பயின்ற பிரிவில் நூற்றுக்கு 64 பேரும் நோயாளியைச் சிகிச்சைக்கு வரச்செய்தனர். உறவினரின் மனத்துயரோ மூன்று பிரிவிலும் குறைந்தது.

ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. கை ஓங்கப்படும் வீட்டில் பொறுத்திருப்பது துணையாகாது. பெண்டிரும் குழந்தைகளும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே முதற்கடமை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது. பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 181.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் குடும்பத்தின் பணி முடிந்துவிடுவதில்லை; உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. மாலை அணிந்து 48 நாள் மதுவைத் தொடாதிருந்தவர், மாலையைக் கழற்றிய அன்றே குடிக்கச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். நிறுத்துவது வேறு, நிறுத்திய நிலையில் வாழ்வது வேறு. சம்பள நாள், திருமண விருந்து, பழைய நண்பரின் அழைப்பு, பசி, சினம், தனிமை ஆகியவை அவருக்கு இடர் தருவன. அந்நாட்களை எவ்வாறு கடப்பது என்று அவருடன் கலந்து முன்கூட்டியே முடிவு செய்க. வாயை முகர்வதும் சட்டைப்பையைச் சோதிப்பதும் நம்பிக்கையை வளர்க்கா. குடும்பப் பொறுப்புகளை ஒவ்வொன்றாக அவரிடம் திரும்ப ஒப்படைத்து வருக.

அவர் ஒருநாள் மீண்டும் குடித்துவிடவும் கூடும். பலருக்கு இது நேர்கிறது. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறினால் சிகிச்சையே வீண் என்று யாரும் கைவிடுவதில்லை. மருத்துவரிடம் திரும்பச் செல்கிறோம். இங்கும் அவ்வாறே செய்க. எத்தனை விரைவாகத் திரும்பச் செல்கிறோம் என்பதே பெரிது.

இறுதியாக, துணை நிற்பவருக்கும் துணை வேண்டும். குடிநோயாளரின் உறவினர் ஒருவருக்கொருவர் ஆறுதலாகக் கூடும் அல்-அனான் என்னும் அமைப்பு 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருப்பெற்றது. நம் சென்னையில், கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், 1980ஆம் ஆண்டு அவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. தந்தையின் குடிக்குத் தானே காரணம் என்று எண்ணி உள்ளுக்குள் மறுகும் குழந்தைகளுக்கு, அவ்வாறு அன்று என்பதை யாரேனும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம். நோயாளி இன்னும் இசையவில்லையாயினும், முதலில் நீங்கள் சென்று கேட்கலாம். அவருக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.