மிதிவண்டியில் வருவோர் நலமுடன் வீடு திரும்ப

நோயாளிக்குக் காலைக் கஞ்சி கொண்டுவரும் உறவினர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஊழியர், வகுப்புக்கு விரையும் செவிலியர் பயிற்சி மாணவியர் எனப் பலரும் நாள்தோறும் மிதிவண்டியில் நம் வளாகத்திற்கு வருகின்றனர். தமிழ்நாடு அரசு 2001–02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவுபடுத்திய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் பயனாக, நம் மாவட்டத்துச் சிற்றூர் இல்லங்கள் பலவற்றிலும் இன்று ஒரு மிதிவண்டி இருக்கிறது. காசில்லாமல் ஊர் சேர்க்கும் அவ்வண்டி, உடலுக்கும் நன்மை தருவது. ஆயினும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் விரையும் ஜி.எஸ்.டி. சாலையிலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ செல்கையில், அதில் அமர்ந்திருப்பவருக்கு அரணாக இருப்பது அவரது விழிப்புணர்வு ஒன்றே.

தலையைக் காப்போம்

மிதிவண்டிக்குத் தலைக்கவசம் எதற்கு என்று பலர் வினவுவர். பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு, தலைக்கவசம் அணிந்தவருக்குத் தலைக்காயமும் மூளைக்காயமும் ஏற்படும் வாய்ப்பு 63 முதல் 88 விழுக்காடு வரை குறைகிறது என்று கண்டறிந்தது. கவசம் நெற்றியை மறைத்து, புருவத்திற்குச் சற்று மேலே அமர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரு விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்கலாம். பட்டையை மாட்டாத கவசம், விழும்போது முதலில் கழன்றுவிடும்.

இருட்டிய பின் முன்விளக்கும், பின்புறச் சிவப்பு ஒளி எதிரொளிப்பானும் இன்றிச் செல்லலாகாது. வெளிர்நிற உடை நன்று. கடற்கரையையொட்டிய சாலைகளில் காற்று கொண்டுவந்து குவிக்கும் மணல் சக்கரத்தைச் சறுக்கவைக்கும். அங்கே திடீரெனப் பிரேக் பிடிப்பதும், சட்டெனத் திருப்புவதும் ஆபத்து. எதிர்த்திசையில் செல்வது குறுக்குவழி போலத் தோன்றினும், எதிரே வரும் வாகன ஓட்டி நம்மை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

குழந்தைகளின் காயங்கள்

பின்னிருக்கையில் அமர்ந்த குழந்தையின் பாதம் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி, குதிகால் தோல் உரிந்து, எலும்பும் முறிவது நம் நாட்டில் அடிக்கடி நேரும் விபத்து. பின்சக்கரத்திற்கு வலைத்தடுப்பும், கால் வைக்கத் தாங்கியும் பொருத்துவதற்கு ஆகும் செலவு சிறிது. அதனால் தவிர்க்கப்படும் துன்பம் பெரிது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதவாறு முடிந்துகொள்ளல் வேண்டும்.

கீழே விழும்போது கைப்பிடியின் முனை குழந்தையின் வயிற்றில் குத்துவதுண்டு. வெளியே சிறு கன்றிய தடமே தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ காயமுற்றிருக்கக் கூடும். வயிற்றுவலி, வாந்தி, வெளிறிய முகம் ஆகியவை தென்பட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.

விபத்து நேர்ந்தால்

தலையில் அடிபட்டவர் எழுந்து நன்கு பேசினாலும், சில மணி நேரம் கழித்து நிலை மோசமாகலாம். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிவரும் தலைவலி, அசாதாரண உறக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது குருதி கசிதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதம் கூடாது. கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று ஐயமிருந்தால் அவரை அள்ளித் தூக்காமல், அசையாது படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

உதவினால் வழக்கு வருமோ என்ற அச்சம் வேண்டாம். 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. மேலும், 2021 டிசம்பர் 18 அன்று நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

வண்டியை எங்கே நிறுத்துவது?

களவு போய்விடுமோ என்ற கவலையால், சிலர் மிதிவண்டியைச் சாய்தளக் கைப்பிடிக் கம்பியிலும் வாயிற்கதவிலும் சங்கிலியிட்டுப் பூட்டுகின்றனர். அக்கவலை நமக்குப் புரிகிறது. கூலி வேலைக்குச் செல்பவருக்கு மிதிவண்டி போனால் மறுநாள் வருவாயும் போகும். ஆனால் அச்சாய்தளம் சக்கர நாற்காலிக்கும் ஸ்டிரெச்சருக்கும் உரிய வழி. அங்கே பூட்டிய வண்டியை எவராலும் நகர்த்த இயலாது. உள்ளே கொண்டுசெல்ல வேண்டிய உயிரோ காத்திராது.

எனவே மிதிவண்டி நிறுத்தகம் எப்படி அமைய வேண்டும் என்பதையும் வளாகங்களை நிருவகிப்போர் எண்ணல் வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் செருகும் பழைய அமைப்பில் சக்கரம் வளையும். சட்டத்தைச் சேர்த்துப் பூட்டவும் இயலாது. தரையில் பதித்த, கவிழ்ந்த ‘ப’ வடிவக் குழாய்களில் சட்டத்தையும் சக்கரத்தையும் ஒருசேரப் பிணைக்கலாம். மேற்கூரையும் இரவு விளக்கும் காவலர் பார்வையும் இருந்து, வாயிலுக்கு அருகிலும் அமைந்தால், எவரும் கைப்பிடிக் கம்பியைத் தேட மாட்டார்.

நாம் செய்யத்தக்கவையும் உள. பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பாமல் சங்கிலிப் பூட்டையும் இடுங்கள். அது சட்டத்தினூடே சென்று நிலையான குழாயைப் பற்ற வேண்டும். பெரும்பாலும் பெடல் அச்சின் அடிப்புறத்தில் பொறித்திருக்கும் சட்ட எண்ணைக் குறித்துவைத்து, வண்டியுடன் ஒரு நிழற்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி காணாமற்போனால் காவல் நிலையத்தில் அளிக்கும் புகாருக்கு அவ்வெண்ணே சான்று.

இன்று மாலை வீடு திரும்பும் முன், பிரேக் கட்டையையும் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். உடல்நலம் தேடி இங்கு வருவோர் எவரும், வழியில் காயமுற்றுப் புதிய நோயாளியாக வந்து சேரலாகாது என்பதே நம் விருப்பம்.