தாய்மார் உயிரும் மருத்துவச் சேவையின் தரமும்

மருத்துவமனைகள் பெருகுவதால் மட்டும் ஒரு நாட்டின் சுகாதாரம் உயர்ந்துவிடாது. நோயாளிக்கு உரிய சிகிச்சை உரிய வேளையில் கிடைக்கிறதா என்பதே முக்கியம். இதனையே சேவையின் தரம் என்கிறோம். பணமும் பணியாளரும் குறைவாக உள்ள வளரும் நாடுகளில் இதன் அவசியம் இன்னும் அதிகம்.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு 1985ஆம் ஆண்டில் தர உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. இதன் முறை எளியது. ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அளவு வகுக்கப்படுகிறது. ஒரு மருத்துவமனை அவ்வளவை எட்டாவிடில் காரணம் ஆராயப்படுகிறது, குறை நீக்கப்படுகிறது, பின்னர் மீண்டும் அளந்து பார்க்கப்படுகிறது.

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டுவாக்கில் மலாயாவில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 100,000 குழந்தைகளுக்கும் 500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் கிராமப்புறச் சுகாதார நிலையங்களும் பெருகவே, 1990களில் இத்தொகை 50க்கும் கீழே இறங்கியது.

எஞ்சிய மரணங்களின் காரணத்தை அறிய 1991இல் இரகசிய விசாரணை முறை ஏற்படுத்தப்பட்டது. பிரசவத்தை ஒட்டி நிகழும் ஒவ்வொரு தாயின் மரணமும் இதில் ஆராயப்படுகிறது. இறந்தவர் பெயரும் பணியாளர் பெயரும் மறைக்கப்படும். தண்டிப்பது இதன் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். அச்சமில்லாத இடத்தில்தான் நடந்தது நடந்தபடி சொல்லப்படும் அல்லவா?

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் மிகுதியான இரத்தப்போக்கு ஒரு முக்கிய காரணம் என்பதை இவ்விசாரணைகள் காட்டின. அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே, தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் இதனைச் சமாளிக்கும் பயிற்சியும் கையேடுகளும் வழங்கப்பட்டன.

ஆபத்தை முன்கூட்டியே அறிய கர்ப்பிணிகளின் பதிவேட்டில் நிற அடையாளமும் இடப்படுகிறது. வெள்ளை, ஆபத்துக் குறைவு. பச்சை, சுகாதார நிலையத்தின் கூடுதல் கண்காணிப்பு. மஞ்சள், மருத்துவரைக் காணவேண்டும். சிவப்பு, உடனே மருத்துவமனை.

நம் தோட்டங்கள் பல நகரத்திற்குத் தொலைவில் உள்ளன. ஆகவே, கருவுற்றது தெரிந்ததும் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்வோம். நிறத்தின் பொருளைத் தாதியிடம் கேட்டறிவோம். நள்ளிரவில் வலி கண்டால் எந்த வாகனத்தில் செல்வது என்பதை நிர்வாகத்துடன் முன்னரே பேசி முடிவு செய்வோம். சேவையில் குறை கண்டால் தயங்காமல் பொறுப்பாளரிடம் தெரிவிப்போம். தெரியவந்த குறையைத்தான் திருத்த முடியும்.