ஸ்டெப்னி இல்லாத கார்: நடுவழியில் டயர் இறங்கினால்?

சில மாதங்களுக்கு முன் திருநெல்வேலியில் பருப்பு மொத்த வியாபாரி ஒருவர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தோம். சாப்பிட்டுக் கிளம்பி, பாளையங்கோட்டைக் கடைகள் சிலவற்றில் நிலுவை வசூலையும் முடித்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல் விருதுநகரை நோக்கிப் புறப்பட்டோம். கங்கைகொண்டான் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடத்தின் நடுவே ஆச்சரியக்குறி போட்டது போன்ற படம். சர்வீஸ் நாள் நெருங்குகிறது போலும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினோம். கயத்தாறு தாண்டியபின் வண்டி இடது பக்கமாக இழுத்தது. தபதபவென்று சத்தம் வந்தது. ஓரம் கட்டினோம்.

பஞ்சர்தானே, கால் மணி நேர வேலை என்று டிக்கியைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழியில் ஒரு தெர்மாகோல் தட்டு, அதில் சிறிய மோட்டார் ஒன்று, பால் பாட்டில் போல ஒரு பாட்டில். அவ்வளவுதான். ஜாக்கிகூட இல்லை. கார் வாங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. வாங்கிய அன்று சந்தனம் பூசி, மாலை போட்டு, பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

நின்ற லாரிக்காரர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, காத்தில்லாம ரொம்ப தூரம் ஓட்டிட்டிய. பக்கச் சுவரு அறுந்துபோச்சு. இனி இதுல என்னத்த ஊத்தினாலும் நிக்காது" என்றார். அப்படியே ஆயிற்று. வசூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, இழுவை வண்டி வரும் வரை மூன்று மணி நேரம் சாலை ஓரத்தில் நின்றோம். ஐம்பது ரூபாய் பஞ்சரோடு போகவேண்டியது புது டயர் வரை போயிற்று. மற்ற அன்பர்களுக்கும் இந்த நிலை வரக்கூடாது என்பதால், விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் சட்டம். ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்பது ஏமாற்று வேலை என்றுதான் நாமும் நினைத்தோம். அப்படியல்ல. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேற்படாத, மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் அடைக்கும் சாதனம் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. கம்பெனிகளுக்கு விலையும் எடையும் குறைகின்றன என்பதை நாமே ஊகிக்கலாம். சி.என்.ஜி. வண்டிகளிலோ டிக்கியை சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அங்கே டேவிஸ் சகோதரர்கள் 1904இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. நூறு ஆண்டு கழித்துச் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறோம்.

பழைய டியூப் டயரில் ஆணி குத்தினால் டியூப் கிழிந்து சில நிமிடத்தில் காற்று முழுவதும் போய்விடும். டியூப்லெஸ் டயரில் குத்திய ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று மெல்லத்தான் கசியும். ஆகவே வழியில் ஆணியைக் கண்டால் ஆர்வக்கோளாறில் பிடுங்கிவிடக் கூடாது. அதுதான் அப்போதைக்கு மூடி. பிடுங்கினால் நின்ற இடத்திலேயே வண்டி உட்கார்ந்துவிடும்.

இந்த மெதுவான கசிவை நமக்குச் சொல்லத்தான் அந்த மஞ்சள் விளக்கு. தொடர்ந்து எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. முதலில் ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான வண்டிகளில் கருவியிலேயே கோளாறு என்று பொருள். சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் அளக்கும் கருவி இருப்பதால் எந்த டயர், எத்தனை பவுண்டு என்றே திரையில் தெரியும். விலை குறைந்த கார்கள் பலவற்றில் தனிக் கருவி கிடையாது. காற்று இறங்கிய சக்கரம் சற்றுச் சிறிதாகி மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். பிரேக்குக்கென்று உள்ள உணர்கருவி அதைக் கண்டு விளக்கை எரியவிடும். இந்த வகையில் காற்று அடித்தபின் பொத்தானை அழுத்தி ரீசெட் செய்யவேண்டும். இல்லாவிட்டால் விளக்கு அணையாது. எந்த வகையானாலும் விளக்கு எரிந்ததும் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவதுதான் முறை. கங்கைகொண்டானிலேயே நாம் நிறுத்தியிருந்தால் டயர் பிழைத்திருக்கும். காற்றில்லாத டயரில் ஓட்டும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே பக்கச் சுவர் மடிந்து அரைபட்டுப்போகிறது. பக்கச் சுவர் போனால் எந்த பஞ்சர் கடையிலும் வைத்தியம் கிடையாது.

நம் தொழிலுக்கே உரிய ஒரு விஷயம். 2022 ஜூலையில் பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் பிரபலமான 26 கிலோ மூட்டையில் பத்தைப் பின்சீட்டிலும் டிக்கியிலுமாக அடுக்கிக்கொண்டு போகிறோம். அது 260 கிலோ. முன்னால் நாமும் கடைப் பையனும் வேறு. சொந்தக் காரில் சரக்கு ஏற்றுவது சட்டப்படி சரிதானா என்பது வேறு கட்டுரைக்குரியது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஓரிருவர் போகும்போது எத்தனை பவுண்டு காற்று, முழுச் சுமைக்கு எத்தனை என்று பல கார்களில் தனித்தனியே போட்டிருக்கும். பின் டயருக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். சுமை ஏற்றுகிற அன்று காற்று குறைவாக இருந்தால் டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். டயர் ஆறியிருக்கும் காலை வேளையில் பார்த்த அளவுதான் சரியான அளவு.

இனி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? நால்வழிச் சாலையில் பஞ்சரைவிடப் பின்னால் வருகிற வண்டிதான் பெரிய ஆபத்து. மெதுவாக உருட்டியாவது சாலையை விட்டு முழுமையாக இறக்கி, சமதரையில் நிறுத்தவேண்டும். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். காரோடு வந்த சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது அடியாவது தள்ளி வைக்கவேண்டும். வேகமான சாலையில் ஐம்பது மீட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டாரையும் குழந்தைகளையும் காருக்குள் உட்காரவைக்காமல் இடது பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். வலது பக்கச் சக்கரம் என்றால், ஓரத்தில் போதிய இடமில்லாவிட்டால் கை வைக்கவே வேண்டாம், உதவிக்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. கார் கம்பெனியோ இன்சூரன்ஸோ தருகிற சாலை உதவி எண்ணை ஒரு தாளிலும் எழுதி வண்டியில் வையுங்கள். நமது செல்போன் அன்று சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

பஞ்சர் பெட்டியைப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். அவசரப்பட்டுப் பாட்டிலைத் திறக்காதீர்கள். பாட்டில் ஒரு முறைக்குத்தான் ஆகும்; புதிது வாங்கச் செலவும் உண்டு. ஆணி குத்தி மெல்லக் கசிகிற டயருக்கு வெறும் காற்றே போதும். மோட்டாரின் குழாயை வால்வில் திருகி, ஒயரை சிகரெட் லைட்டர் துளையில் செருகி, என்ஜினை ஓடவிட்டுக் காற்று அடித்தால் சில நிமிடத்தில் ஏறிவிடும். அடுத்த பஞ்சர் கடை வரை அது தாங்கும். நடுநடுவே நிறுத்தி அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அடிக்க அடிக்க இறங்குகிறது என்றால்தான் பாட்டில். நன்றாகக் குலுக்கி, மோட்டாரில் பொருத்தி ஓடவிட்டால் அந்தப் பசைநீர் வால்வு வழியே டயருக்குள் போகும். அப்போது மீட்டர் முள் மேலே எகிறிப் பிறகு இறங்கும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் 26 பவுண்டு அளவாவது ஏறவில்லை என்றால் ஓட்டை பெரிது என்று பொருள். அதற்குமேல் மோட்டாரை ஓட்டினால் அதுவும் சூடேறிக் கெடும். இழுவை வண்டிதான் வழி. காற்று ஏறிவிட்டால் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்கக் கூடாது. உடனே கிளம்பினால்தான் பசை சுற்றிப் பரவி ஓட்டையை அடைக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் போய் நிறுத்தி மறுபடி அளக்கவேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பசை சாலையில் பதியும் பகுதியில் குத்திய சிறு ஓட்டைக்கு மட்டுமே. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரை. பஞ்சர் கடையில் டயரைக் கொடுக்கும்போது உள்ளே பசை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் கழுவித் துடைத்தால்தான் ஒட்டுப் பிடிக்கும்.

அந்தப் பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. கடையில் பிஸ்கட் பாக்கெட்டையும் மசாலா பாக்கெட்டையும் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிற நமக்கு, டிக்கியில் கிடப்பதைப் பார்க்கத் தோன்றுவதில்லை. பொதுவாக நாலைந்து ஆண்டுகள் வரும். செகண்ட்ஹேண்ட் கார் வாங்குபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதை.

ஸ்டெப்னி உள்ள காரிலும் கவனிக்கவேண்டியது உண்டு. இப்போது பல கார்களில் வருவது மற்ற நான்கைவிட ஒல்லியான அல்லது சிறிய சக்கரம். அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டில் 80 என்று போட்டிருந்தால் அதுதான் வேக எல்லை. வீடு போய்ச் சேர மட்டுமே அது. அப்படியே ஒரு மாதம் ஓட்டுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகுதான் ஜாக்கியை ஏற்றவேண்டும். கதவுக்குக் கீழே விளிம்பில் ஜாக்கிக்கென்று குறியிட்ட இடம் உண்டு. வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும், வண்டியும் சரியும். காருக்கு அடியில் கையையோ காலையோ நீட்டக் கூடாது. நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக முடுக்கி, இறக்கியபின் மீண்டும் முடுக்கவேண்டும். அலாய் வீல் வண்டிகள் சிலவற்றில் திருட்டைத் தடுக்கத் தனி நட்டு ஒன்று இருக்கும். அதன் சாவி காரில்தான் இருக்கவேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல.

ஊர் திரும்பியதும் டீலரிடம் போய், நமது காருக்குத் தனியாக ஸ்டெப்னி வாங்கலாமா என்று கேட்டோம். அந்தக் குழி சக்கரம் கொள்ளும் அளவில்தான் இருக்கிறது, ரிம், டயர், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எல்லா மாடலிலும் அப்படி இடம் இருப்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வாங்கிப் போட்டுவிட்டோம். அமாவாசைதோறும் கடை வாசலில் வண்டிக்குத் திருஷ்டி சுற்றி எலுமிச்சம்பழம் வைக்கிற கடைப் பையன், அன்றைக்கே ஐந்து டயருக்கும் காற்றுப் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறான்.