ஒரே இருக்கை, நான்கு விலை: வியாபாரப் பயணத்துக்கு எந்த டிக்கெட்?

 

நம் கரையிலிருந்து வியாபாரத்துக்காகக் கடல் தாண்டிப் போவது புதிதல்ல. கொழும்புக்குக் கப்பலில் போய் வந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2011 ஜூன் மாதம் தூத்துக்குடி - கொழும்பு இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் விடப்பட்டது. அதுவும் அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது. இன்று கொழும்போ, துபாயோ, மும்பையோ, எல்லாம் விமானம்தான். வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளமும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்ப்பவர்கள், உப்பு, கருவாடு, மசாலா ஏற்றுமதி செய்பவர்கள், ஜவுளி எடுக்கப் போகும் கடைக்காரர்கள் என்று நம்மில் பலர் மாதம் ஒருமுறையாவது விமானம் ஏறுகிறோம்.

ஆனால் டிக்கெட் எடுக்கும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "ஆகக் குறைஞ்ச ரேட் எது?" குடும்பத்தோடு விருந்துக்குப் போகும் பயணத்துக்கு அந்தக் கேள்வி போதும். தேதி அன்றே முடிவாகிவிடும், மாறாது. வியாபாரப் பயணம் அப்படியல்ல. சரக்கு ஒரு நாள் தாமதமாக வரும். பார்ட்டி "நாளைக்கு வாங்க பாய்" என்பார். நாம் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிக் கிளம்புகிற பயணம் அது. அதற்கு டிக்கெட் எடுக்கும்போது விலையோடு அதன் நிபந்தனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எகானமிக்குள்ளேயே பல வகை

எகானமி வகுப்பு என்றால் ஒரே விலை என்று நினைக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பார்கள். இருக்கையும் போய்ச் சேரும் நேரமும் ஒன்றுதான். வித்தியாசம் டிக்கெட்டோடு வரும் உரிமைகளில் இருக்கிறது. இண்டிகோவில் சேவர், ஃப்ளெக்ஸி என்றும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் லைட், வேல்யூ, ஃப்ளெக்ஸ் என்றும், எமிரேட்ஸில் ஸ்பெஷல், சேவர், ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் பிளஸ் என்றும் பெயர்கள் இருக்கும். பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த நிறுவனமானாலும் நான்கு விஷயங்களைக் கேட்டால் போதும்.

1. எத்தனை கிலோ லக்கேஜ்?
2. தேதி மாற்றினால் என்ன பிடிப்பார்கள்?
3. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?
4. போகாமலே விட்டால் என்ன ஆகும்?

லக்கேஜ்

2021 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., செக்-இன் லக்கேஜ் இல்லாத பயணிகளுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் விற்க நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. எக்ஸ்பிரஸ் லைட் அந்த வகையைச் சேர்ந்தது. கையில் ஒரு பையோடு சென்னைக்குப் போய் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புபவருக்கு அது லாபம். சாம்பிள் மூட்டையோடு போகிறவர் அதை எடுத்தால், மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் கவுண்டரில் கட்ட நேரிடும். கூடுதல் கிலோ வேண்டுமென்றால் முன்கூட்டியே பணம் கட்டுங்கள். விமான நிலையத்தில் கட்டுவதைவிட அது குறைவாக இருக்கும்.

தேதி மாற்றம்: ஒரு கணக்கு

ஓர் உதாரணம். இந்த எண்கள் கணக்குக்காக மட்டுமே. மலிவு டிக்கெட் ரூ.4,500. மாற்றுக் கட்டணம் இல்லாத ஃப்ளெக்ஸி டிக்கெட் ரூ.5,400. மலிவு டிக்கெட்டில் தேதி மாற்ற ரூ.3,000 என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பயணத்துக்கு மலிவு டிக்கெட்டே எடுத்தால் மிச்சம் ரூ.9,000. அதில் மூன்று தடவை தேதி மாறினால் கட்டுவது ரூ.9,000. மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும். பத்தில் மூன்றுக்கு மேல் மாறுகிறவருக்கு ஃப்ளெக்ஸிதான் மலிவு. ஒன்றோ இரண்டோ மட்டும் மாறுகிறவர் மலிவு டிக்கெட்டே எடுக்கலாம். உங்கள் சென்ற ஆண்டுப் பயணங்களை ஒரு தாளில் எழுதி, எத்தனை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "இலவசமாக மாற்றலாம்" என்றால் மாற்றுக் கட்டணம் இல்லை என்பது மட்டுமே பொருள். புதிய தேதியில் டிக்கெட் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தை ஃப்ளெக்ஸி எடுத்தவரும் கட்டத்தான் வேண்டும். பெருநாள், பொங்கல் சமயத்தில் இந்த வித்தியாசமே பெரிய தொகையாகிவிடும்.

உள்நாட்டுப் பயணத்தில் போக ஒரு வகை, வர ஒரு வகை என்று தனித்தனியாக எடுக்கலாம். போகும் நாள் உறுதி, திரும்பும் நாள் உறுதியில்லை என்றால் போவதற்கு மலிவு டிக்கெட்டும் வருவதற்கு ஃப்ளெக்ஸியும் எடுப்பது நல்ல வழி. வெளிநாட்டுக்குப் போக-வர ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: போகும் பயணத்தில் ஏறாமல் விட்டால், திரும்பி வரும் பயணத்தையும் நிறுவனம் ரத்து செய்துவிடக்கூடும்.

ரத்து செய்தால்

"நான்-ரிஃபண்டபிள்" என்று எழுதியிருந்தால் பலர் பணம் முழுவதும் போனதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த டி.ஜி.சி.ஏ. விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். சலுகை விலை டிக்கெட்டுக்கும், ரத்து செய்யாமல் போகாமலே விட்ட டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும். தராவிட்டால் மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் புகார் செய்யலாம்.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் மலிவு டிக்கெட், விலை கூடிய டிக்கெட் என்ற பேதம் கிடையாது. மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

தூத்துக்குடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று

இங்கிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து துபாய்க்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று எடுப்பது நம் ஊர் வழக்கம். விலை குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது நிறுவனம் அதை நீங்கள் வராமல் போனதாகவே கணக்கில் வைக்கும். இரண்டுக்கும் லக்கேஜ் அளவும் வேறாக இருக்கும். முடிந்தால் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே சென்னை போய்விடுங்கள். லாட்ஜில் ஒரு இரவு தங்கும் செலவு, வீணான துபாய் டிக்கெட்டைவிடக் குறைவு.

பெயரும் பில்லும்

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாம் பல விதமாக எழுதுகிறோம். எந்த வகை டிக்கெட்டானாலும் வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வருவதற்குத் தடை விதித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் தளர்த்தியது. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். உயர் வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. பதிவு செய்த வியாபாரி டிக்கெட் எடுக்கும்போதே தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால், அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. ஜி.எஸ்.டி. எண் கொடுப்பவர்களுக்குச் சில நிறுவனங்கள் சிறு தொழில், கார்ப்பரேட் என்று தனி விலையும் தருகின்றன. அதில் மாற்றுக் கட்டணம் குறைவாக இருப்பதுண்டு; விசாரித்துப் பாருங்கள். ஆனால் உம்மாவைப் பார்க்கப் போன டிக்கெட்டை வியாபாரக் கணக்கில் எழுதக் கூடாது. கூட்டு வியாபாரத்தில் பங்காளியின் பணமும் அமானிதம்தான்.

கடைசியாக, டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாப்பாவுக்கோ மாமாவுக்கோ செல்போனில் பதிவு செய்யும்போது முதலில் வரும் மலிவு விலையை உடனே அழுத்திவிடாதீர்கள். "வாப்பா, திரும்புற தேதி உறுதிதானா? சாமான் எத்தனை கிலோ?" என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள். கட்டண நிபந்தனை வரும் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பி வையுங்கள். நாளை கவுண்டரில் நின்று பேச அவருக்கு அது உதவும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்