கைகாட்டியும் கணிப்பொறியும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. கணிப்பொறியின் அமைப்பை மாற்ற முனையும்போது இதனை நாம் நினைவிற் கொள்வது நலம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதன்மேல் எழுந்தவையே டெபியன், உபுண்டு முதலியவை. நம் நாட்டுச் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடியொற்றியதே.

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா என்னும் நிரல்மொழியை வெளியிட்டது. ஜாவாவில் எழுதிய நிரலைக் கணிப்பொறி நேராகப் புரிந்துகொள்ளாது. இடையில் நின்று அதனை இயக்கித் தரும் மென்பொருளே ‘ரன்டைம்’. இதில் பல பதிப்புகள் உண்டு. 2014இல் ஜாவா 8, 2021இல் ஜாவா 17 வந்தன. ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய நிரற்கோப்பில் ஓர் எண் பதிந்திருக்கும். ஜாவா 8க்கு 52. ஜாவா 17க்கு 61. தன் எண்ணைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் பழைய ரன்டைம் அக்கோப்பை இயக்க மறுத்துவிடும். புதியதோ பழைய கோப்புகளைப் பெரும்பாலும் ஏற்கும். ஆயினும் சில பழைய நிரல்கள் அதில் ஓடா. எனவே இரண்டையும் வைத்துக்கொண்டு, வேண்டியதை முன்னிறுத்துவதே சிறந்தது.

இது எவ்வாறு இயலும்? டெபியன் வழிவந்த கணிப்பொறியில் ‘ஜாவா’ எனத் தட்டச்சு செய்தால் நாம் முதலில் அடைவது ஒரு கைகாட்டியை. உண்மையான ஜாவா இருக்குமிடத்தை அதுவே காட்டுகிறது. கைகாட்டியைத் திருப்பினால் வழியும் மாறும். பழைய வீட்டை இடிக்க வேண்டுவதில்லை.

முதலில் புதிய ஜாவாவைப் பழையதன் அருகிலேயே நிறுவ வேண்டும். பிறகு டெர்மினலில், ஆங்கில எழுத்துகளில் ‘சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா’ என்று கட்டளையிட வேண்டும். எண்களுடன் ஒரு பட்டியல் தோன்றும். வேண்டிய எண்ணை அழுத்தினால் மாற்றம் நிகழும். ‘ஜாவா -வெர்ஷன்’ என்று கேட்டு அதனை உறுதி செய்யலாம். நிரலைத் தொகுக்கும் ‘ஜாவாசி’க்குத் தனிக் கைகாட்டி உண்டு. அதையும் இவ்வாறே திருப்ப வேண்டும். மறந்தால் ஒரு பதிப்பில் தொகுத்து, மற்றொன்றில் இயக்கித் தவிப்போம்.

ஆனால் எல்லாக் கைகாட்டிகளையும் திருப்பலாகாது. பைத்தான் மொழியை எடுத்துக்கொள்வோம். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல, அதனுடன் வந்த பைத்தான் பதிப்பை நம்பியே இயங்குகின்றன. அப்பதிப்பை நீக்கினாலும், வேறொன்றை அதனிடத்தில் வைத்தாலும், மென்பொருள் நிறுவும் கருவிகள் பழுதடையக்கூடும். டெர்மினல் சாளரமே திறவாமலும் போகலாம். புதிய பைத்தான் வேண்டுமெனில் அதனைத் தனியே நிறுவி, நம் வேலைக்கென ‘வெர்ச்சுவல் என்விரான்மென்ட்’ என்னும் தனியறை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் தேவையே. ஆயினும் ஒன்றை மாற்றுமுன், அதனை நம்பி நிற்பவை எவையென அறிவது அதனினும் தேவை. அறிந்து செய்வோம், செம்மையாய்ச் செய்வோம்!