இருவர் அணிச் சண்டை ஆட்டம்: புதியவர் நுழைவது எப்படி?

கொடுமுடிச் சிறுவர்கள் காவிரிக் கரையில் சடுகுடு ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் தெரியாத பொடியனை என்ன செய்வார்கள்? 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் களத்தில் இருப்பான், கணக்கில் இருக்கமாட்டான். விவரம் தெரிந்த அணியோ அவன் கையைப் பிடித்துச் 'சங்கிலி'யில் நிறுத்திக்கொள்ளும். அப்போது அவனும் ஆட்டக்காரன்தான்.

வீடியோ சண்டை ஆட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. 1996-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்-மென் எதிர் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்தில் ஒருவரே இரண்டு வீரர்களை இயக்க வேண்டும். ஒருவன் மோதுவான்; மற்றவன் வெளியே நின்று, இழந்த வலுவில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்வான். அழைத்தால் உள்ளே வருவான்.

இதில் புதியவர் திணறுவது ஏன்? ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஓர் அளவுகோலைத் திடீரென நழுவவிடட்டும்; நீங்கள் பிடியுங்கள். அது 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால், உங்கள் தாமதம் சுமார் 0.2 விநாடி. இவ்வகை ஆட்டங்களில் திரைப்படம் விநாடிக்கு 60 முறை மாறுகிறது. அப்படியானால் 0.2 விநாடிக்குள் 12 படங்கள் ஓடிவிடும். வேகமான குத்தோ ஐந்தாறு படங்களிலேயே விழுந்துவிடும்! பார்த்துத் தடுக்க இயலாது. முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். பழகியவரின் விரல்கள் தாமாக இயங்குவதால் அவர் மூளைக்கு ஊகிக்க ஓய்வு உண்டு. புதியவரோ பொத்தானையும் தேடவேண்டும், துணைவனையும் கவனிக்கவேண்டும்.

எனவே ஆட்டத்தை அமைப்போர் இந்தச் சுமையைப் பிரிக்கிறார்கள். 'ஸ்கல்கேர்ல்ஸ்' (2012) ஆட்டத்தில் ஒரே வீரருடனும் இறங்கலாம். தனியாக வருபவருக்கு வலு அதிகம். 'டிராகன் பால் ஃபைட்டர்இசட்' (2018) ஆட்டத்தில் ஒரே பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் அடிகள் வரிசையாகத் தொடரும். 2025-இல் கணினிக்கு வந்த 'டூ எக்ஸ் கே ஓ' ஆட்டத்தில் ஓர் அணியின் இரு வீரர்களை இரு நண்பர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். சடுகுடுச் சங்கிலி நினைவுக்கு வருகிறதல்லவா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சலுகைகள் முக்கியமாக விரல்களுக்குத்தான். எப்போது அடிப்பது, எப்போது துணைவனை அழைப்பது என்ற முடிவு இன்னும் ஆடுபவர் கையிலேயே இருக்கிறது. அதையும் இயந்திரமே செய்துவிட்டால், புதியவர் மீண்டும் ஒப்புக்குச் சப்பாணிதான்!